பத்தாம் கல்லில் காத்திருந்தோர்

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நெடுங்குன்று என்பது பொருள். சிங்கப்பூர் நகரிலிருந்து புக்கிட் தீமா சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் பத்தாவது மைற்கல்லை அடையும்போது எதிர்ப்படும் ஊர் அது. அவ்விடத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுவா சூ காங்கை நோக்கி மேற்கே திரும்ப, மற்றொன்று உட்லண்ட்ஸ் வழியாக ஜொகூர்ப் பாலத்திற்குச் செல்கிறது. 1903இல் போடப்பட்ட ரயில் பாதையும் இவ்வூரைத் தொட்டே சென்றது. எண்பதுகளின் நடுவில் புக்கிட் தீமா விரைவுச்சாலை திறக்கப்படும் வரையில், சிங்கப்பூரிலிருந்து மலாயாவின் உள்நாட்டிற்குச் சென்ற மக்களிலும் பண்டங்களிலும் பெரும்பகுதி இந்தப் பத்தாம் கல்லைக் கடந்தே சென்றது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை நகரை நோக்கி முன்னேறியதும் இவ்வழியேதான்.

படையெடுப்பைப் பற்றி எழுதியோர் பலர். அதே சாலையில் எதிர்த்திசையில், ஆண்டுதோறும், ஆயுதமின்றிக் கொடியும் கொட்டுமாகச் சென்ற கூட்டத்தைப் பற்றி எழுதியோர் சிலரே. அஃது காற்பந்து இறுதியாட்டத்தைக் காணக் கோலாலம்பூருக்குச் சென்ற மக்கள் கூட்டம். அதிலும் எதிரணி சிலாங்கூர் எனத் தெரிந்துவிட்ட ஆண்டுகளில் அந்தப் பயணத்திற்கிருந்த வேகமே தனி.

இந்தப் பகைமையின் தோற்றத்தைக் காண 1921ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும். அவ்வாண்டுத் தொடக்கத்தில் ‘மலாயா’ என்னும் பெயருடைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வருகை தந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்கள் பிரிட்டனுக்கு அன்பளிப்பாகக் கட்டிக் கொடுத்த கப்பல் அது. 1916இல் நடந்த ஜட்லாண்டு கடற்போரில் ஈடுபட்டுத் திரும்பியது. வந்த இடங்களில் கப்பலின் மாலுமிகள் உள்ளூர் அணிகளோடு காற்பந்தும் ரக்பியும் ஆடினர். உபசரிப்பில் மகிழ்ந்து, இரண்டு ஆட்டங்களுக்கும் ஒவ்வொரு கிண்ணத்தைப் பரிசளித்துச் சென்றனர். காற்பந்திற்கு வழங்கப்பட்டதே மலாயாக் கிண்ணம்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அம்மாநிலங்களின் கருவூலத்தை நிரப்பியவை ஈயமும் இரப்பரும். ஈயச் சுரங்கங்களில் சீனரும், இரப்பர்த் தோட்டங்களில் தமிழரும் உழைத்தனர். விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டிக் கூலி பெற்றவனுக்குத் தன் உழைப்பின் ஒரு துளி போர்க்கப்பலாகிக் கடலில் மிதந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அக்கப்பல் விட்டுச் சென்ற கிண்ணத்தின் மீது அவன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கொண்ட உரிமைக்கு இதைவிடப் பழைய ஆவணம் வேறு வேண்டியதில்லை. கப்பலுக்குப் பணம் கொடுத்த மாநிலங்களுள் சிலாங்கூர் ஒன்று. சிங்கப்பூரோ அக்கூட்டமைப்பில் சேராத தனிக் குடியேற்றம். அப்படியிருந்தும் 1921இல் நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 2–1 என்ற கணக்கில் வென்று கிண்ணத்தைத் தூக்கிச் சென்றது சிங்கப்பூர். விருந்திற்குச் செலவு செய்தவன் பார்த்திருக்க, விருந்தாளி பாத்திரத்தையும் கொண்டுபோன கதையாயிற்று. சிலாங்கூர்க்காரர்களின் மனக்குறை அன்றே தொடங்கியது எனலாம்.

ஜொகூர்ப் பாலம் அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. ரயிலில் வந்தோர் நீரிணையைப் படகில் கடந்து, அக்கரையில் மீண்டும் ரயிலேறினர். பாலம் 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட பின் இரு நகரங்களும் தடையின்றி இணைந்தன. போட்டியும் கூர்மையடைந்தது. 1928, 1929 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிங்கப்பூரும் சிலாங்கூரும் வெற்றி தோல்வியின்றி நின்று, கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. போர்க்காலத்தில் நின்றுபோன போட்டி 1948இல் மீண்டும் தொடங்கிற்று.

நகரத்தில் இந்த ஆட்டத்திற்கு வாய்த்த முக்கியக் களம் 1929இன் இறுதியில் திறக்கப்பட்ட ஜாலான் புசார் அரங்கு. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவு. அதற்கு அண்மையில் ஃபேரர் பார்க் திடல். தேக்காவிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் வாழ்ந்த தமிழிளைஞர்கள் வெறுங்காலோடு பந்துதைத்துப் பழகியது அத்திடலிலேதான். கடைச் சிப்பந்தியும், நகராட்சித் தொழிலாளியின் மகனும், பள்ளி மாணவனும் அங்கே ஒரே பந்தைத் துரத்தினர். புக்கிட் பாஞ்சாங் போன்ற புறநகர்க் கம்பங்களில் அரங்குமில்லை, திடலுமில்லை. செம்மண் மேட்டைச் சமன்செய்து, இரு முனைகளிலும் மரக்கழிகளை நட்டால் அதுவே ஆடுகளம்.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடாயிற்று. அவ்வாண்டும் அதற்கு முந்திய ஆண்டும் கிண்ணத்தை வென்றது சிங்கப்பூரே. அரசியலில் உறவறுந்த பின்னரும் காற்பந்தில் உறவறவில்லை. இரண்டு நாடுகளாகிவிட்ட பிறகும், ஒரு நாட்டின் மாநிலங்கள் மோதும் போட்டியில் மற்றொரு நாடு தொடர்ந்து கலந்துகொண்டது. உலகில் இதற்கு ஒப்புமைகள் அரியவை. 1967இல் போட்டியின் பெயர் மலேசியக் கிண்ணம் என்று மாறியது. பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ் வேண்டும் என்ற விதி வந்ததும் அதே ஆண்டில்தான்.

தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த விதியின் பொருள் மற்றவர்க்குப் புரிந்ததைவிடச் சற்று அதிகமாகவே புரிந்தது. ஒரே கப்பலில் வந்திறங்கிய அண்ணனும் தம்பியும் வேலை கிடைத்த இடத்தில் தங்கியவர்கள். அண்ணன் கிள்ளானிலோ பந்திங்கிலோ தோட்டத்தில் நிலைத்துவிட, தம்பி சிங்கப்பூரில் பொதுப்பணித் துறையிலோ ரயில் தண்டவாளப் பணியிலோ சேர்ந்திருப்பான். திருமணமும் தைப்பூசமும் சாவும் அவர்களை ஒன்றுசேர்த்தன. பத்துமலைக்குக் காவடி எடுக்கச் செல்வது அயல்நாட்டுப் பயணம் என்று எவரும் கருதியதில்லை. இப்போது அண்ணனுக்கு ஒரு நிறக் கடப்பிதழ், தம்பிக்கு வேறு நிறக் கடப்பிதழ். அறுபதுகளின் இறுதியில் இரு நாடுகளிலும் குடியுரிமை, வேலை உரிமம் ஆகிய சொற்கள் தமிழ்த் தொழிலாளர் வீடுகளில் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்டன. குடியுரிமை பெறாத பலர் இரு கரைகளிலிருந்தும் தாயகம் திரும்பினர். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தளங்கள் மூடப்பட்டபோது செம்பவாங்கில் வேலையிழந்தோர் பலர். எஞ்சியவர்கள், தாம் இன்ன நாட்டினர் என்பதைத் தமக்கும் பிறர்க்கும் உறுதிசெய்துகொள்ள வேண்டியவர்களாயினர். படிவத்தில் கையொப்பமிடுவது ஒரு வழி. சிலாங்கூருக்கு எதிராகச் சிங்கப்பூர் ஆடும்போது யாருக்காகக் குரல் கொடுப்பது என்று முடிவு செய்வது மற்றொன்று. இரண்டாவதே கடினமானது, ஏனெனில் எதிர்ப்பக்கத்தில் நின்று கூவியவன் உடன்பிறந்தான்.

அணிகளின் பெயர்ப்பட்டியலும் அவர்களுக்கு உதவவில்லை. எழுபதுகளில் சிங்கப்பூரின் இடப்புறத்தில் எஸ். ராஜகோபால் பந்தை வில்போல் வளைத்தடித்துக் களிப்பூட்டினார். தற்காப்பின் நடுவே தூணாக நின்றவர் சமது அல்லாப்பிச்சை. தமிழ் முசுலிம்களிடையே வழங்கும் பெயர் அது. சிலாங்கூரின் கோல் காவலரோ ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளை விரித்து அவர் பாய்ந்து தடுப்பதைக் கண்ட மலேசிய மக்கள் அவருக்குச் ‘சிலந்தி மனிதன்’ என்று பட்டமளித்திருந்தனர். ராஜகோபால் உதைக்கும் பந்தை ஆறுமுகம் பிடித்தால் எந்தப் பக்கம் கைதட்டுவது? புக்கிட் பாஞ்சாங்கின் காப்பிக்கடையில் இக்கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்பட்டிருக்கலாம். கேட்டவர் எல்லாரும் சிரித்திருப்பர் என்று சொல்வதற்கில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மாண்டபோது பாலத்தின் இரு பக்கத்திலும் தமிழர் கண்கலங்கினர் என்பதை மட்டும் இங்கே குறிக்கலாம்.

1965க்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் கிண்ணம் சிங்கப்பூருக்கு வரவில்லை. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் அதில் கூடி எழுப்பிய முழக்கம் ‘காலாங் முழக்கம்’ என்றே பெயர் பெற்றது. நுழைவுச்சீட்டிற்காக முதல்நாள் இரவே பாயும் தாளும் விரித்துப் படுத்தவர்கள் உண்டு. 1975இல் சிங்கப்பூர் இறுதியாட்டத்தை எட்டியது. சிலாங்கூரிடம் 1–0 எனத் தோற்றது. 1976இலும் அதே எதிரணி, 3–0. 1977இல் பயிற்றுநர் சூ செங் குவீயின் கண்டிப்பான வளர்ப்பில் வந்த அணி, பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3–2 என வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் குவா கிம் சோங். அப்பருவத்தில் காலில் ஏற்பட்ட புண் முற்றிப் பயிற்றுநர் தம் காலின் ஒரு பகுதியையே இழக்க நேர்ந்தது. அவரை மக்கள் ‘அங்கிள் சூ’ என்றழைத்த அன்பில் அந்த நோவுக்கும் பங்குண்டு. நாடே கொண்டாடியது, ஆனால் வீழ்த்தப்பட்டது பினாங்கு, சிலாங்கூர் அன்று. கணக்கு நேராகவில்லை. 1978இல் சிலாங்கூர் 4–2, 1979இல் சிலாங்கூர் 2–0.

இந்த இடத்தில் கடல்கள் பல கடந்து அயர்லாந்தைப் பார்ப்பது பயன்தரும். அங்கே கேலிக் காற்பந்து என்றொரு நாட்டு விளையாட்டு உண்டு. பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். 1884இல் நிறுவப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம் அதனை நடத்துகிறது. ஆட்டக்காரர்களுக்கு ஊதியமில்லை, தத்தம் சொந்த மாவட்டத்திற்காக ஆடுவர். இறுதியாட்டம் தலைநகர் டப்ளினிலுள்ள குரோக் பார்க் அரங்கில் நடைபெறும். அதற்கு முந்திய வாரங்களில் கிராமங்களின் கம்பங்களிலும் கடை வாயில்களிலும் மாவட்ட நிறக்கொடிகள் பறக்கும். அந்நாட்டில் டப்ளினும் கெரியும் தீராப் பகைவர்கள். ஒன்று தலைநகரம், மற்றொன்று தென்மேற்குக் கோடியின் நாட்டுப்புறம். இவ்விரண்டும் இறுதியாட்டத்தில் மோதிய ஆண்டுகள் 1975, 1976, 1978, 1979. சிங்கப்பூரும் சிலாங்கூரும் மோதியதும் சரியாக அதே நான்கு ஆண்டுகள்! இதில் மறைபொருள் எதுவுமில்லை, தற்செயலே. ஆயினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. கெரிக்காரன் இறுதியாட்டத்திற்காகத் தன் தலைநகருக்குச் சென்றான். சிங்கப்பூர்க்காரன் சென்றதோ வேற்று நாட்டின் தலைநகருக்கு. எழுபதுகளில் இறுதியாட்டங்கள் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கிலேயே நடந்தன. சிலாங்கூருக்கு அது வீட்டு முற்றம். காலாங்கில் எத்துணை முழங்கினும், கடைசி நாளில் அயலான் வீட்டு முற்றத்தில்தான் நின்றாக வேண்டும்.

ஆகவே 1980இன் இறுதியாட்டத்தை எதிர்நோக்கி நின்ற நாள்களில் நம்பிக்கையைவிட அச்சமே மேலோங்கியிருந்தது. சிலாங்கூரின் முன்னணியில் மொக்தார் தகாரி. மலேசியா அதுவரை பெற்றெடுத்த முன்னணி ஆட்டக்காரர்களுள் தலையாயவர் என்று பகைவரும் ஒப்புக்கொண்ட வீரர். அவரைத் தடுக்கும் பொறுப்பு அணித்தலைவர் அல்லாப்பிச்சையின் தோளில். பயிற்றுநர் ஜித்தா சிங் வயதில் மிக இளையவர். முன்னணியில் நின்ற ஃபாண்டி அகமதுவுக்குப் பதினேழே வயது. பிள்ளைகளை நம்பிப் போருக்குப் போவதா என்று முதியோர் கேட்டது இயல்பே. காப்பிக்கடைப் பேச்சில் ஒவ்வொருவரும் பயிற்றுநராயினர். சிலாங்கூர் உறவினரிடமிருந்து வந்த கடிதங்களில் நலம் விசாரிப்புக்குப் பின் கேலியும் இடம்பெற்றது. “என்ன மச்சான், இந்த ஆண்டும் நாலு வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறீர்களா?” என்பது போன்ற பேச்சுக்கு மறுமொழி சொல்ல முடியாத நிலை. பந்தயம் கட்டியோரும் உண்டு. மைத்துனர்களுக்கிடையே அது பெரும்பாலும் கோழிக்கறி விருந்தளவில் நின்றது.

பேருந்துகள் பத்தாம் கல்லைக் கடந்தபோது அவ்வூர் மக்கள் சாலையோரம் நின்று கையசைத்தனர். சீட்டுக் கிடைக்காதோர், விடுப்புக் கிடைக்காதோர், செலவுக்குப் பணம் போதாதோர் ஆகியோரே அவ்வாறு நின்றவர்கள். வண்டிச் சாளரங்களில் கொடிகள். உள்ளே மத்தளமும் தகர டப்பாவும். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று மூவினத்தவரும் ஒரே வண்டியில் ஒரே பாட்டை மலாயில் பாடிச் சென்றனர். பள்ளிகளில் நாள்தோறும் உறுதிமொழி சொல்லிப் புகட்ட முயன்ற ஒற்றுமை அந்த வண்டிகளில் தானாகவே ஏறி அமர்ந்திருந்தது எனில் மிகையன்று. ரயிலில் சென்றோர் இரவு அஞ்சல் வண்டியில் புறப்பட்டனர். சுவா சூ காங் சாலையின் ரயில் கேட்டு மூடப்பட்டு, இருமருங்கும் வண்டிகள் நிற்க, பெட்டிகளின் வெளிச்சம் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். உள்ளிருந்தோர் கூச்சலிட, வெளியில் நின்ற லாரி ஓட்டுநர்கள் ஒலிப்பானை அழுத்தி மறுமொழி கொடுப்பர்.

தங்கிவிட்டோருக்கு வானொலியும் தொலைக்காட்சியும். 1963இல் தொலைக்காட்சி தொடங்கியது முதல் சமூக மன்றங்களில் பொதுமக்களுக்கெனப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. எழுபதுகளின் இறுதியில் பல வீடுகளில் பெட்டி வந்துவிட்டது. ஆயினும் இறுதியாட்டத்தைத் தனியே பார்க்க எவரும் விரும்பியதில்லை. கம்பத்தில் மின்விசை இல்லாத வீட்டார், உள்ள வீட்டின் திண்ணையை நிறைத்தனர். வருணனை எம்மொழியில் இருந்தாலும் கவலையில்லை; கோல் என்னும் சொல் எல்லா மொழிக்கும் பொது.

அன்று சிங்கப்பூர் 2–1 என்று வென்றது. வெற்றிக் கோல் அந்தப் பதினேழு வயதுப் பையனுடையது. ஐந்தாண்டுகளில் நான்கு முறை தோற்ற கடன் ஒரே இரவில் தீர்ந்தது என்று மக்கள் கருதினர். அது மிகைக் கணக்குத்தான். ஆனால் கொண்டாடும் மக்கள் கூட்டல் கழித்தலில் கவனம் செலுத்துவதில்லை. மறுநாள் திரும்பிய பேருந்துகளை வரவேற்கப் பத்தாம் கல்லில் நின்றவர்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சிலாங்கூர் உறவினர்களிடமிருந்து கடிதம் வரச் சற்றுக் காலதாமதமாயிற்று என்பதும் எதிர்பார்க்கக் கூடியதே.

அவர்கள் நெடுநாள் காத்திருக்கவில்லை. 1981இல் மீண்டும் அதே இரு அணிகள், சிலாங்கூர் 4–0. ஏழு ஆண்டுகளில் ஆறு முறை இறுதியாட்டத்தில் சந்தித்த இப்பகைவர்களின் பொற்காலம் அத்தோடு முடிந்தது. 1982 முதல் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் அப்போட்டியில் இல்லை. 1985இல் திரும்பி வந்தது. அதற்குள் புக்கிட் பாஞ்சாங்கின் கம்பங்கள் அகற்றப்பட்டு, அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கியிருந்தன. மரக்கழிக் கோல் நட்ட மேடுகள் புல்டோசரின் கீழ் மறைந்தன. விரைவுச்சாலை வந்ததும் பேருந்துகள் பத்தாம் கல்லைத் தவிர்த்துப் பறந்தன. ஊர்மக்கள் கையசைக்க வண்டியில்லை.

தொண்ணூறுகளில் வி. சுந்தரமூர்த்தியின் ஆட்டம் மீண்டும் கூட்டத்தைச் சேர்த்தது. 1993இல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அவர் உதைத்த கோலை இன்றும் பேசுவோர் உளர். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் கெடாவிடம் 2–0 எனத் தோல்வி. 1994 டிசம்பர் 17ஆம் நாள், சிலாங்கூர் மண்ணிலே புதிதாய் எழுந்த ஷா ஆலம் அரங்கில், ஃபாண்டியின் தலைமையில் சிங்கப்பூர் பகாங்கை 4–0 என வென்றது. அப்பாஸ் சாட் மூன்று கோல் அடித்தார். பல்லாயிரவர் பாலத்தைக் கடந்து சென்று பார்த்த ஆட்டம் அது. பதினேழு வயதில் வெற்றிக் கோல் அடித்தவர், முப்பத்திரண்டாம் வயதில் கிண்ணத்தைக் கையிலேந்தியதைக் கண்டு பழையவர்கள் அழுதனர்.

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் குறைவு. ஆட்டத்தை விலைபேசி விற்கும் கயமை இரு நாடுகளிலும் அம்பலமாகி, ஆட்டக்காரர்கள் பலர் விசாரணைக்கு உள்ளாயினர். ‘கேலோங்’ என்ற மீன்பிடிப் பந்தலின் பெயர் அக்கயமைக்கு வழங்கும் சொல்லாகி, ஒவ்வொரு தவறிய உதைக்கும் அரங்கில் ஒலித்தது. நுழைவுச்சீட்டு வருவாயைப் பங்கிடுவதில் இரு சங்கங்களுக்கிடையே பிணக்கும் சேர்ந்துகொள்ள, 1995இல் சிங்கப்பூர் விலகியது. மறு ஆண்டில் சொந்தமாக ஒரு லீக் போட்டியைத் தொடங்கிற்று. உள்ளூர் அணிகள் ஆடின, அரங்குகள் நிறையவில்லை. அண்ணன் இல்லாத பந்தியில் கேலி செய்ய ஆளேது?

2012இல் ‘லயன்ஸ் 12’ என்ற பெயரில் இளைஞர் அணியொன்று மலேசியப் போட்டிகளுக்குத் திரும்பி, 2013இல் லீக் பட்டத்தை வென்றது. 2015க்குப் பின் அதுவும் நின்றது. அதற்கு முன்னரே, 2011 ஜூன் 30ஆம் நாளோடு, தஞ்சோங் பகாரிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வழியாகச் சென்ற ரயிலும் நிறுத்தப்பட்டது. தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பாதையில் இப்போது காலையும் மாலையும் மக்கள் நடக்கின்றனர். 1932இல் கட்டிய இரும்புப் பாலத்தை நினைவுச்சின்னமாக விட்டுவைத்திருக்கின்றனர்.

சிலாங்கூர் 2015இல் முப்பத்து மூன்றாம் முறையாகக் கிண்ணத்தை வென்றது. சிங்கப்பூரின் எண்ணிக்கை, பகிர்ந்துகொண்ட இரண்டையும் சேர்த்து, 1994இல் எட்டிய 24இலேயே நிற்கிறது.